மினிவேனின் ஹீட்டர் கோரை வீட்டிலேயே மாற்றுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஹீட்டர் கோர் என்பது டாஷ்போர்டுக்குப் பின்னால், ஏ.சி. பெட்டிக்குள் இருக்கும் குட்டி ரேடியேட்டர். எஞ்சினில் சூடான கூலன்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) ஒரு குழாய் வழியாக அதற்குள் போய் இன்னொரு குழாய் வழியாகத் திரும்பும். ப்ளோயர் தள்ளும் காற்று அதன் இதழ்களுக்கு நடுவே புகுந்து சூடேறி உள்ளே வீசும். பொருள் சின்னதுதான், அதை எட்டுவதற்குத்தான் பாடு. அதனால் கழற்றும் வேலையைவிட, கழற்ற வேண்டுமா என்று கண்டுபிடிக்கும் வேலைக்கே இங்கே முதலிடம்.

ஹீட்டர் கோர்தான் ஒழுகுகிறது என்று எப்படி உறுதி செய்வது?

முன்பக்கத் தரைக் கம்பளத்தை ஓரத்தில் தூக்கி, அடியில் இருக்கும் பஞ்சில் வெள்ளை டிஷ்யூ தாளை அழுத்திப் பாருங்கள். கூலன்ட் என்றால் தாளில் பச்சை, ஆரஞ்சு, இளஞ்சிவப்பு என்று அதன் நிறம் ஏறும். விரலுக்கு நடுவே தேய்த்தால் வழுக்கும், இனிப்பு வாடை அடிக்கும், ஒரு நாள் வைத்தாலும் தாள் காயாது. வெறும் தண்ணீர் என்றால் நிறமும் இருக்காது, வாடையும் இருக்காது. அப்படியிருந்தால் ஏ.சி.யின் தண்ணீர் வெளியேறும் குழாய் அடைத்திருக்கிறது, அல்லது முன்கண்ணாடியின் ஓரத்தில் மழைநீர் இறங்குகிறது. இந்த இரண்டையும் ஹீட்டர் கோர் ஓட்டை என்று நினைத்து டாஷ்போர்டைக் கழற்றியவர்கள் நிறைய.

மற்ற அறிகுறிகள்: கண்ணாடிக்குக் காற்றைத் திருப்பியதும் உள்பக்கம் எண்ணெய் பூசியது போலப் படலம் படிவது, வெளியே ஒரு சொட்டும் விழாமல் கூலன்ட் அளவு குறைந்துகொண்டே போவது. இரண்டாவது அறிகுறியை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள். எஞ்சினின் மேல்பாகத்துக்கு அடியில் இருக்கும் ஹெட் கேஸ்கெட் என்ற அடைப்புத் தகடு போனாலும் அப்படித்தான் குறையும்.

சந்தேகத்தைத் தீர்ப்பது அழுத்தச் சோதனை. எஞ்சின் முழுக்க ஆறிய பின் ரேடியேட்டர் மூடியைக் கழற்றி, கைப்பம்பு வைத்த டெஸ்டரை மாட்டி, மூடியில் அச்சிட்டிருக்கும் அழுத்தம் வரை ஏற்றுங்கள். பெரும்பாலும் அது 13 முதல் 16 பி.எஸ்.ஐ. வரை இருக்கும், அதைத் தாண்டக் கூடாது. 15 நிமிடம் முள்ளைக் கவனியுங்கள். முள் இறங்கினால், ஃபயர்வாலுக்குள் (எஞ்சின் அறைக்கும் வண்டியின் உள்ளறைக்கும் நடுவே உள்ள சுவர்) போகும் இரண்டு ஹோஸ்களையும் ஹோஸ் கிளாம்ப் இடுக்கியால் நெரித்துவிட்டு மறுபடி ஏற்றுங்கள். இப்போது முள் நின்றுவிட்டால் ஓட்டை உள்ளேதான். பழைய ஹோஸ் மொறமொறப்பாக இருந்தால் நெரிக்காதீர்கள், வெடித்துவிடும். அந்த மாதிரி ஹோஸ்களைக் கழற்றி, நடுவில் இணைப்புக் குழாய் போட்டுச் சோதியுங்கள்.

டாஷ்போர்டைத் தொடுவதற்கு முன் இன்னொன்று. ஃபயர்வாலில் ஹோஸ் சேரும் மூட்டைக் கண்ணாடியும் டார்ச்சும் வைத்துப் பாருங்கள். அங்கே கசியும் கூலன்ட், குழாயைத் தொட்டபடியே ஃபயர்வால் துளை வழியாக உள்ளே இறங்கிக் கம்பளத்தை நனைக்கும். மூட்டைச் சுற்றி வெள்ளையாகவோ பச்சையாகவோ உப்புப் பூத்திருந்தால் ஒரு கிளாம்பும் ஒரு துண்டு ஹோஸும் போதும், வேலை முடிந்தது.

கம்பளம் காய்ந்துதான் இருக்கிறது. ஆனால் சூடு வரவில்லை. கோரை மாற்றலாமா?

அவசரப்படாதீர்கள். எஞ்சின் முழுச் சூட்டில் ஓடும்போது, ஹீட்டரை அதிகபட்சச் சூட்டில் வைத்து, ஃபயர்வாலில் உள்ள இரண்டு ஹோஸ்களின் சூட்டையும் அகச்சிவப்பு வெப்பமானியால் பாருங்கள். ஃபேனும் பெல்ட்டும் சுற்றும் இடம், கையை உள்ளே விட வேண்டாம்.

இரண்டும் ஏறத்தாழ ஒரே சூடாக இருந்தால் கோர் வழியாகக் கூலன்ட் நன்றாகவே ஓடுகிறது. குறை, சூட்டுக் காற்றையும் குளிர் காற்றையும் கலக்கும் மடலிலோ அதைத் திருப்பும் சின்ன மோட்டாரிலோ இருக்கிறது. ஒன்று கொதிக்க, மற்றது வெதுவெதுப்பாக இருந்தால் கோர் அடைத்திருக்கிறது அல்லது காற்று மாட்டியிருக்கிறது. இரண்டுமே வெதுவெதுப்பு என்றால் கூலன்ட் குறைவு, திறந்தபடியே சிக்கிய தெர்மோஸ்டாட் (சூட்டுக்கேற்பக் கூலன்ட்டின் வழியைத் திறந்து மூடுவது), மூடியே கிடக்கும் ஹீட்டர் வால்வு, தேய்ந்த வாட்டர் பம்ப் என்று வரிசையாகப் பாருங்கள். ஓட்டுநர் பக்கம் சூடும் பயணி பக்கம் குளிரும் வந்தால் பாதி அடைப்பாக இருக்கலாம். இரண்டு பக்கத்துக்கும் தனித்தனி மடல் இருக்கும் வண்டியில் ஒரு மோட்டார் மட்டும் நின்றிருக்கவும் வாய்ப்புண்டு.

அடைத்த கோரைக் கழுவினால் சரியாகுமா?

பல நேரம் ஆகும், முயற்சி செய்து பார்ப்பதுதான் நியாயம். எஞ்சின் ஆறிய பின் இரண்டு ஹோஸ்களையும் கழற்றி, கூலன்ட் வெளியேறும் குழாய் வழியாகத் தண்ணீரை மெதுவாக உள்ளே விடுங்கள். அதாவது வழக்கமான ஓட்டத்துக்கு எதிர்த்திசையில். வரும் தண்ணீரை வெள்ளை வாளியில் பிடித்தால் துரு, களிமண் போன்ற சேறு, பழைய சீலன்ட் துணுக்கு எல்லாம் கண்ணுக்குத் தெரியும். தெளியும் வரை திசையை மாற்றி மாற்றி விடுங்கள். குழாயை முழு வேகத்தில் திறந்துவிடுவதோ கம்ப்ரசர் காற்றை அப்படியே அடிப்பதோ கூடாது. கோரின் சுவர் மிக மெல்லியது, அடைப்போடு சேர்த்து அதுவும் பிளந்துவிடும். வாளியில் பிடித்த நீரைச் சாக்கடையில் ஊற்றாமல் பழைய கூலன்ட்டோடு சேர்த்து வையுங்கள்.

மினிவேனில் மட்டும் தனியாகக் கவனிக்க வேண்டியது என்ன?

பின் ஹீட்டர். பல மினிவேன்களில் பின் இருக்கைகளுக்கென்று இரண்டாவது கோர் உண்டு, பெரும்பாலும் பின்பக்கச் சுவர்ப் பலகைக்குப் பின்னால். அதற்குப் போகும் நீண்ட உலோகக் குழாய்கள் வண்டியின் அடியில் ஓடுகின்றன. சாலையில் உப்புத் தூவும் பிரதேசங்களில் முதலில் அரிப்பது இந்தக் குழாய்கள்தான், குறிப்பாக ரப்பரும் உலோகமும் சேரும் நெரித்த மூட்டுகள். கூலன்ட் குறைகிறது, முன் கம்பளம் காய்ந்திருக்கிறது என்றால் வண்டியை ஸ்டாண்டில் ஏற்றி, அடியில் முன்சக்கரம் முதல் பின்சக்கரம் வரை அந்தக் குழாயைப் பின்தொடர்ந்து பாருங்கள். மூன்றாம் வரிசை இருக்கைக்குப் பக்கத்தில் இனிப்பு வாடை வந்தால் பின் கோர். அதை மாற்ற உள்பக்கப் பலகையைக் கழற்றினால் போதும், டாஷ்போர்டுக்கு வேலையே இல்லை.

பின் ஹீட்டர் இருக்கும் வண்டி, இல்லாத வண்டியைவிட இரண்டு மூன்று லிட்டர் கூலன்ட் கூடுதலாகக் குடிக்கும். காற்றை வெளியேற்றவும் அதிக நேரம் எடுக்கும்.

டாஷ்போர்டு முழுவதையும் கழற்றியே ஆக வேண்டுமா?

மாடலைப் பொறுத்தது. இந்தக் கேள்விக்கு உங்கள் வண்டியின் சர்வீஸ் மேனுவலில் பதில் பார்க்காமல் ஒரு ஸ்க்ரூவைக்கூடத் திருகாதீர்கள். இடப்பக்க ஸ்டியரிங் உள்ள 2001–2007 டாட்ஜ் கேரவன், கிரைஸ்லர் டவுன் அண்ட் கன்ட்ரி வண்டிகளில் டாஷ்போர்டு அப்படியே இருக்க, ஓட்டுநர் கால் வைக்கும் இடத்திலிருந்தே கோரை உருவி எடுத்துவிடலாம். முழங்காலுக்கு எதிரே உள்ள பலகையைக் கழற்றி, பெடல் பக்கம் இடம் பண்ணிக்கொண்டு, குழாய்களைக் கோரோடு பிணைக்கும் தகட்டின் ஸ்க்ரூவை எடுக்க வேண்டும். வேறு பல வண்டிகளில் ஸ்டியரிங் தண்டைக் கீழே இறக்கி, டாஷ்போர்டைத் தாங்கும் குறுக்குக் கம்பியோடு மொத்தத்தையும் பின்னுக்கு இழுத்து, ஏ.சி. பெட்டியையே வெளியே எடுத்துப் பிளந்தால்தான் கோர் கைக்கு வரும்.

முதல் வகைக்கு, பழக்கமில்லாதவருக்கும் அரை நாளில் முடியும். இரண்டாவது வகைக்கு இரண்டு முழு நாளும், டாஷ்போர்டைத் தூக்க இன்னொரு ஆளும் வேண்டும்.

ஏ.சி. கேஸ் என்ன ஆகும்?

கோரை மட்டும் உருவ முடிந்தால் ஏ.சி. குழாயைத் தொடவே தேவையில்லை. பெட்டி முழுவதும் வெளியே வர வேண்டுமென்றால் ஏ.சி. குழாய்களைப் பிரித்தாக வேண்டும். அதற்கு முன் ஏ.சி. மெக்கானிக்கிடம் கொடுத்து ஆர்-134ஏ அல்லது ஆர்-1234ஒய்எஃப் வாயுவை எந்திரத்தால் உறிஞ்சி எடுக்கச் சொல்லுங்கள். நட்டைத் தளர்த்திக் காற்றில் விடுவது பல நாடுகளில் சட்டப்படி குற்றம். பீறிடும் திரவம் பட்ட இடத்தில் தோல் உறைந்துபோகும், கண்ணில் பட்டால் பார்வையே போகலாம். பிரித்த குழாய் வாய்களை உடனே அடைத்து வையுங்கள், உள்ளே ஈரம் போகக் கூடாது. திரும்ப மாட்டும்போது அந்த மூட்டுகளுக்குப் புது ஓ-ரிங் (கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையம்) போட வேண்டும்.

ஏர்பேக் வெடிக்குமா?

முறையாகச் செய்தால் வெடிக்காது. சக்கரங்களை நேராக வைத்து, சாவியை எடுத்து, பேட்டரியின் மைனஸ் கேபிளைக் கழற்றிக் கட்டி ஒதுக்குங்கள். ஏர்பேக் கணினியில் தேங்கிய மின்சாரம் வடியக் காத்திருக்க வேண்டும். மேனுவல்கள் வண்டிக்கு வண்டி 90 விநாடி முதல் சில நிமிடம் வரை சொல்லும், 10 நிமிடம் காத்திருந்தால் நிம்மதி. மஞ்சள் நிறக் கனெக்டர் எல்லாம் ஏர்பேக்குடையது. அவற்றில் மல்டிமீட்டரை வைத்து ஓம் பார்க்கவே கூடாது. கழற்றிய ஏர்பேக்கை அலங்காரப் பக்கம் மேலே பார்க்க வையுங்கள். கவிழ்த்து வைத்து அது வெடித்தால் மொத்தமும் ராக்கெட் போல எழும்பும்.

ஸ்டியரிங் தண்டை இறக்கினால் ஸ்டியரிங் சக்கரம் சுழலாமல் டேப் ஒட்டிக் கட்டிவிடுங்கள். அதன் அடியில் சுருள் போல மடங்கிய மின்பட்டை இருக்கிறது. சக்கரம் ஒரு சுற்று கூடுதலாகச் சுற்றினால்கூடப் பிறகு வண்டி ஓட்டும்போது அது அறுந்து, ஹாரனும் ஏர்பேக்கும் வேலை செய்யாமல் போகும். முன் தூண் மூடியைக் கழற்றும்போதும் கவனம், பக்கவாட்டுத் திரை ஏர்பேக் பல வண்டிகளில் அங்கே ஓடுகிறது.

என்னென்ன வாங்கி வைக்க வேண்டும்?

கோர், அதன் ஓ-ரிங்குகள், ஃபயர்வாலுக்குப் போகும் இரண்டு ஹோஸ்கள் (பெரும்பாலும் உள்விட்டம் 16 மி.மீ., 19 மி.மீ.), கிளாம்புகள், தெர்மோஸ்டாட், ரேடியேட்டர் மூடி, தேவையான கூலன்ட், ஒட்டும் ஃபோம் டேப். கருவிகளில் 7, 8, 10 மி.மீ. சாக்கெட்டுகளோடு நீண்ட எக்ஸ்டென்ஷன், வளையும் மூட்டு, டார்க்ஸ் பிட்டுகள், பிளாஸ்டிக் நெம்புகோல், ஹோஸ் கிளாம்ப் இடுக்கி, 15 லிட்டராவது கொள்ளும் தட்டு. ஸ்க்ரூக்களைக் கழற்றிய இடத்தின் பெயர் எழுதிய சின்னப் பைகளில் போடுங்கள். டாஷ்போர்டில் நீளம் வேறு, தலை ஒன்றே என்ற ஸ்க்ரூக்கள் நிறைய. நீளமானதைத் தவறான துளையில் போட்டால் பின்னால் இருக்கும் வயரைத் துளைக்கும். ஒவ்வொரு கனெக்டரையும் கழற்றும் முன் கைப்பேசியில் ஒரு படம் எடுத்துவிடுங்கள்.

புதுக் கோரைப் பெட்டியிலிருந்து எடுத்ததும் பழையதன் பக்கத்தில் வைத்து ஒப்பிட வேண்டும், ஆனால் பழையது இன்னும் வண்டிக்குள் இருக்கிறதே! அதனால் குறைந்தபட்சம் ஒரு சோதனையை முன்கூட்டியே செய்யுங்கள்: ஒரு குழாயை அடைத்து, மற்றதில் கைப்பம்பால் 15 பி.எஸ்.ஐ. காற்றேற்றி வாளித் தண்ணீரில் முக்குங்கள். குமிழி வந்தால் திருப்பிக் கொடுங்கள். புதுப் பொருளே ஓட்டையாக வந்து, டாஷ்போர்டை இரண்டாம் முறை கழற்ற நேர்வதுதான் இந்த வேலையில் மிகப் பெரிய வேதனை.

வேலையை எந்த வரிசையில் செய்வது?

எஞ்சின் ஆறிய பின் ரேடியேட்டரின் அடி வால்வைத் திறந்து கூலன்ட்டை வடியுங்கள். ஃபயர்வாலில் ஹோஸ்களைக் கழற்றும்போதுதான் பலர் காரியத்தைக் கெடுக்கிறார்கள்: ஒட்டிக்கொண்ட ஹோஸைத் திருகி இழுத்தால், உள்ளே இருக்கும் மெல்லிய குழாய் வளையும். கோர் நன்றாக இருந்து குழாய் மட்டும் முறிந்த வண்டிகளும் உண்டு. வராத ஹோஸை நீளவாக்கில் பிளேடால் கீறி உரித்தெடுங்கள், எப்படியும் புது ஹோஸ்தானே போடப் போகிறீர்கள். கீறும்போது பிளேடு குழாயில் கோடு போடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பிறகு ஒரு குழாய் வாயில் மெதுவாகக் காற்றை ஊதி, மற்றதன் வழியாகக் கோரில் தேங்கிய கூலன்ட்டை வெளியேற்றுங்கள். வாயால் ஊதக் கூடாது, நச்சு. கோரில் தேங்கியிருக்கும் அரை லிட்டரைச் சும்மா விட்டால், உருவும்போது அது கம்பளத்திலும் வயரிங் மேலும்தான் கொட்டும். தரையில் பிளாஸ்டிக் விரித்து, அதன் மேல் பழைய துணிகளைப் போடுங்கள்.

இனிப் பேட்டரி, ஏர்பேக் காத்திருப்பு, பலகைகள், மேனுவல் சொல்லும் வழி. கோரை உருவும்போது இழுத்தால் வராவிட்டால் எங்கோ ஒரு ஸ்க்ரூ பாக்கி இருக்கிறது. பெட்டியின் பிளாஸ்டிக் பழையதாகி நொறுங்கும் நிலையில் இருக்கும், நெம்பாதீர்கள்.

பெட்டி திறந்திருக்கும்போதே உள்ளே உதிர்ந்த இலை, தூசியை வாரி எடுத்து, காற்றுக் கலக்கும் மடலைக் கையால் இரு பக்கமும் அசைத்துப் பாருங்கள். அதன் ஃபோம் உதிர்ந்திருந்தால் இப்போதே ஒட்டிவிடுங்கள். ஏ.சி. துவாரங்களிலிருந்து கருப்புத் துணுக்குகள் பறப்பது அந்த ஃபோமிலிருந்துதான்.

புதுக் கோரைப் பொருத்தும்போது எங்கே தவறுகிறது?

மூன்று இடங்களில். முதலாவது ஓ-ரிங்: கூலன்ட்டைத் தொட்டுத் தடவிப் பொருத்துங்கள். கிரீஸோ எஞ்சின் ஆயிலோ தடவினால், இங்கே பயன்படும் ஈ.பி.டி.எம். ரப்பர் உப்பிப்போகும். தகட்டின் ஸ்க்ரூவை விரலால் முழுவதும் ஏற்றிய பின்தான் கருவியால் இறுக்க வேண்டும். சாய்ந்து உட்கார்ந்தால் ஓ-ரிங் ஒரு பக்கம் நறுக்கப்பட்டு, முதல் சூட்டிலேயே சொட்டும். அலுமினிய இழை சீக்கிரம் உருவிவிடும், ஆகவே அளவான இறுக்கம்.

இரண்டாவது, கோரின் ஓரத்தைச் சுற்றிய ஃபோம். பழைய கோரில் எந்தெந்தப் பக்கம், எவ்வளவு தடிமனில் இருந்ததோ அப்படியே புதியதிலும் ஒட்டுங்கள். இல்லையென்றால் காற்று கோரைச் சுற்றிக்கொண்டு போய்விடும். ஓட்டை நின்றது, சூடு மட்டும் பாதிதான் என்று வரும் புகார்களில் பல இதனால். மூன்றாவது, ஃபயர்வால் துளையின் ஃபோம் வளையம். அது கிழிந்தால் எஞ்சின் அறையின் புகையும் மழைநீரும் உள்ளே வரும்.

எல்லாப் பலகையையும் மாட்டுவதற்கு முன்னமே கூலன்ட் நிரப்பி, அழுத்த டெஸ்டரை மறுபடி ஏற்றி, மூட்டுகளில் உலர்ந்த டிஷ்யூவைச் சுற்றிவிட்டு அரை மணி நேரம் விடுங்கள். தாள் காய்ந்திருந்தால் மூடலாம்.

எந்தக் கூலன்ட், எவ்வளவு? காற்றை எப்படி வெளியேற்றுவது?

வகையை மேனுவல் சொல்வதுபடி. நிறத்தை வைத்து வாங்காதீர்கள், ஒரே நிறத்தில் வெவ்வேறு வேதியியல் விற்கிறார்கள். பொருந்தாதவை கலந்தால் அரிப்புத் தடுப்பான்கள் வீணாகும், சில கலவைகள் கூழாகிப் புதுக் கோரையே அடைக்கும். அடர் கூலன்ட் என்றால் காய்ச்சி வடித்த தண்ணீரோடு பாதிக்குப் பாதி. இந்தக் கலவை ஏறத்தாழ மைனஸ் 37 டிகிரி செல்சியஸ் வரை உறையாது. குழாய்த் தண்ணீரின் உப்புகள் கோருக்குள் படியும்.

காற்று வெளியேற்ற, வண்டியின் முன்பக்கத்தை உயர்த்தி நிறுத்துங்கள். ரேடியேட்டர் வாய்தான் மிக உயரமான இடமாக இருக்க வேண்டும். முன், பின் இரண்டு ஹீட்டர்களையும் உச்ச சூட்டில், ப்ளோயரைக் குறைவான வேகத்தில் வையுங்கள். காற்று நீக்கும் ஸ்க்ரூ இருந்தால் திறந்து, குமிழி நின்று கூலன்ட் மட்டும் வரும்வரை விட்டு மூடுங்கள். ரேடியேட்டர் வாயில் இறுக்கமாக உட்காரும் புனலை மாட்டிப் பாதி நிரப்பி, ஆறிய எஞ்சினை ஸ்டார்ட் செய்யுங்கள். தெர்மோஸ்டாட் திறந்ததும் புனலின் அளவு சட்டென்று இறங்கும். ரேடியேட்டர் ஃபேன் இரண்டு முறை ஓடி நிற்கும்வரை ஓட விடுங்கள். சூட்டு முள் வழக்கத்தைத் தாண்டினால் உடனே அணைத்துவிட்டு ஆற விடுங்கள். சூடாக இருக்கும்போது மூடியைத் திறப்பது முகத்தில் கொதிநீரை வீசிக்கொள்வதற்குச் சமம்.

டாஷ்போர்டுக்குள் தண்ணீர் சலசலக்கும் சத்தம் கேட்டால் காற்று இன்னும் இருக்கிறது. பின் ஹீட்டர் உள்ள வண்டிகளுக்கு வெற்றிடம் உண்டாக்கி நிரப்பும் கருவியை வாடகைக்காவது எடுப்பது நல்லது, நீண்ட குழாயில் மாட்டிய காற்றை அது ஒரே தடவையில் தீர்க்கும்.

நனைந்த கம்பளத்தை அப்படியே காய விடலாமா?

கூடாது. கூலன்ட்டில் இருக்கும் எத்திலின் கிளைக்கால் தண்ணீர் மாதிரி ஆவியாகாது. கம்பளத்தையும் பஞ்சையும் தூக்கி வெளியே எடுத்து, வெந்நீரில் அலசி, ஈரம் உறிஞ்சும் வாக்குவத்தால் இழுத்து, நுரையும் வழுக்கலும் போகும்வரை திரும்பச் செய்யுங்கள். அடியில் இருக்கும் மின்கனெக்டர்களைத் திறந்து துடைத்துக் காய வையுங்கள். முன்கண்ணாடிப் படலத்தை முதலில் பாத்திரம் கழுவும் திரவம் கலந்த வெந்நீரால், பிறகு கண்ணாடி திரவத்தால். உள்காற்று வடிகட்டியை மாற்றுங்கள்.

கீழே சிந்தியதை உடனே கழுவுங்கள். அது இனிக்கும் என்பதால் நாயும் பூனையும் நக்கும். கொஞ்சமே போதும், சிறுநீரகம் செயலிழந்து இறந்துபோகும். குழந்தைகளுக்கும் அதே ஆபத்து.

ஓட்டை அடைக்கும் திரவம் ஊற்றினால் போதாதா?

எங்கள் பதில், வேண்டாம் என்பதே. அது ஓட்டையை மட்டும் தேடிப் போய் அடைப்பதில்லை. இரண்டு கோர்கள், நீண்ட குழாய்கள் எல்லாவற்றின் குறுகிய வழிகளிலும் தங்கும். வேலை செய்ய நேரம் கிடைக்கும்வரை வண்டி ஓட வேண்டுமென்றால், ஃபயர்வாலின் இரண்டு ஹோஸ்களையும் ஒரு இணைப்புக் குழாயால் நேராகச் சேர்த்துக் கோரை ஓட்டத்திலிருந்து விலக்கி வையுங்கள். முன் ஹீட்டரும் கண்ணாடிப் பனி நீக்கமும் இருக்காது, ஆகவே குளிரில் இப்படி ஓட்ட முடியாது.

மாற்றிய கோர் ஒரு வருடத்தில் மறுபடி ஓட்டையானது ஏன்?

நாள்பட்ட கூலன்ட்டோ, கூலன்ட்டில் பாயும் மின்சாரமோ காரணமாக இருக்கலாம். மல்டிமீட்டரை டி.சி. வோல்ட்டில் வைத்து, கருப்பு முனையைப் பேட்டரி மைனஸிலும், சிவப்பு முனையை உலோகத்தில் படாமல் கூலன்ட்டிலும் வையுங்கள். எஞ்சின் ஓட, விளக்கு, ப்ளோயர் எல்லாம் போட்டிருக்கும்போது 0.1 வோல்ட்டுக்குள் இருந்தால் சரி. 0.3 வோல்ட்டைத் தாண்டினால் எங்கோ எர்த் வயர் மோசமாக இருக்கிறது. ஒவ்வொரு மின்சாதனமாக அணைத்துப் பாருங்கள், எதை அணைத்ததும் அளவு விழுகிறதோ அதன் எர்த்தைச் சுத்தம் செய்யுங்கள். எதை அணைத்தும் அளவு மாறாவிட்டால் எஞ்சினிலிருந்து பாடிக்குப் போகும் எர்த் பட்டையைப் பாருங்கள்.

மாற்றி முடித்ததும் எதையெல்லாம் சரிபார்க்க வேண்டும்?

பேட்டரியை மாட்டியதும் ஏர்பேக் விளக்கு எரிந்து அணைகிறதா, ஹாரன் அடிக்கிறதா, கண்ணாடிக்குப் போவது உட்பட எல்லாத் துவாரங்களிலும் காற்று வருகிறதா, பெடல் பக்கம் கை வைத்திருந்தால் பிரேக் விளக்கு எரிந்து அணைகிறதா. மறுநாள் காலை எஞ்சின் ஆறியிருக்கும்போது கூலன்ட் அளவைப் பார்த்து, தொட்டியில் மார்க்கரால் கோடு போடுங்கள். முதல் முறை கொஞ்சம் இறங்குவது மிச்சக் காற்று வெளியேறுவதால், நிரப்பிவிடலாம். ஒரு வாரம் கழித்தும் கோட்டுக்குக் கீழே இறங்கினால், பலகையை ஓரமாகத் தூக்கி அந்த மூட்டில் மறுபடி டிஷ்யூவை வையுங்கள்.